பட்டினி போடும் பூச்சி மாத்திரை

பிப்ரவரியும் ஆகஸ்டும் வந்தால் தொடக்கப் பள்ளி வாசலில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: “எங்க பிள்ளைக்குப் பூச்சியே இல்லையே, எதுக்கு மாத்திரை?” 2015 முதல் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாளில், 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழ் பாதி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் பதில் மிகையாகிவிடுகிறது: உயரம் கூடும், ரத்தம் ஊறும், படிப்பு ஏறும் என்று எல்லாவற்றையும் ஒற்றை மாத்திரையின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தருவது சரியே. அதற்கான உண்மைக் காரணம் புழுவின் வாழ்க்கையில் இருக்கிறது.

மாத்திரை புழுவை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புழுவின் குடல் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் கோத்துக்கொண்டு நுண்குழாய்களாகின்றன. செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து அவற்றின் மேல்தான் நடக்கிறது. பூச்சு வேலை நடக்கும் வீட்டின் சாரம் போன்றவை அவை. ஒரு பக்கம் மூங்கிலை அவிழ்த்து மறுபக்கம் கட்டிக்கொண்டே போவார்கள். அல்பெண்டசோல் புது மூங்கிலைக் கட்டும் முடிச்சிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கயிறு சுற்ற இடமில்லை. அவிழ்ப்பதோ நிற்பதில்லை. சற்று நேரத்தில் சாரம் காலி. மேலே நிற்கும் கொத்தனாருக்கு இறங்க வழியில்லை, கீழே நிற்கும் சித்தாளுக்கு ஏற வழியில்லை, கலவை சட்டியிலேயே இறுகுகிறது. புழு குளுக்கோஸை உறிஞ்ச முடியாமல், சேமித்து வைத்த கிளைக்கோஜனும் தீர்ந்து, சாப்பாட்டுக்கு நடுவே கிடந்தபடி சில நாட்களில் பட்டினியால் சாகிறது.

நம் செல்களிலும் டியூபுலின் உண்டு. பிள்ளைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? பீட்டா டியூபுலின் சங்கிலியின் 200-ஆவது இடத்தில் புழுவுக்கு ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம், நமக்கு டைரோசின். இரண்டுக்கும் ஒரே ஒரு ஆக்சிஜன் அணுதான் வித்தியாசம். நம் டியூபுலினில் மருந்து இறுகப் பற்றாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். போதாததற்கு, மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே தங்கிவிடுகிறது. இங்கே அதுவே வசதி. அடிக்கடி கொடுத்தால் மருந்துக்குப் புழு பழகிவிடாதா என்ற அச்சம் வெறும் அச்சமல்ல. ஆடுகளின் இரைப்பைப் புழுக்களில் அது நடந்தேவிட்டது. பலவற்றில் அதே 200-ஆவது இடத்தில் டைரோசின் வந்து அமர்ந்திருக்கிறது, நமக்கு இருப்பதைப் போலவே. மனிதக் குடற்புழுக்களில் அது பரவியதாக நிறுவப்படவில்லை என்றாலும், கண்காணிப்பைக் கைவிட முடியாது.

வரலாறு சுருக்கமாக: 1920-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியபோது கையிலிருந்தவை ஆளையே வாட்டும் மருந்துகள். அல்பெண்டசோல் 1970-களில் முதலில் கால்நடைகளுக்காக வந்தது.

இனி, எல்லோருக்கும் ஏன்? ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டை இடும். ஆனால் ஒன்றுகூட அதே வயிற்றில் புழுவாக வளர்வதில்லை. வெளியேறி, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவமாகி, மறுபடி வாய்க்குள் போக வேண்டும். ஆக, எத்தனை முட்டை உள்ளே போனதோ அதைப் பொறுத்ததே புழுக்களின் எண்ணிக்கை. அதனால் ஒரு வகுப்பில் பலருக்குப் புழுவே இருக்காது, சிலருக்கு ஒன்றிரண்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளின் வயிற்றில் பெரும்பகுதி. அவர்கள் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொருவரின் மலத்தையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க ஆகும் செலவு மாத்திரையைவிட அதிகம். லேசான தொற்று அதிலும் தப்பிவிடும். மருந்து பாதுகாப்பானது என்பதால் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதே அறிவு.

மிகைப்பேச்சு தோற்பதும் புழு இப்படிச் சிலரிடமே குவிந்திருப்பதால்தான். கென்யாவின் புசியாவில் 75 பள்ளிகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது கால்பங்கு குறைந்தது என்றது. உலகமே அதைக் கொண்டாடியது. தேர்வு மதிப்பெண் கூடவில்லை என்று அதே ஆய்வு சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் பள்ளி வயதுக்கு முந்தைய சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், எடையிலும் இறப்பிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அப்படியானால் மாத்திரை வீணா என்று கேட்கலாம். இல்லை. புழு இல்லாத பலரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், புழு நிறைந்த சிலர் அடையும் பயன் கரைந்துபோகும். அந்தச் சிலருக்காகத்தான் இந்த ஏற்பாடு.

பள்ளியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாத்திரையை ஆசிரியர் கண்முன்னே மென்று தின்னச் செய்ய வேண்டும். அப்படியே விழுங்கினால் சிறு பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கலாம். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு அன்று வேண்டாம், விடுபட்டோருக்கான நாளில் கொடுக்கலாம். புழு மிகுந்த பிள்ளைக்கு வயிற்றுவலி, குமட்டல் வரலாம். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். இதை முந்தின நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் மறுநாள் பீதி கிளம்பாது.

ஒற்றை மாத்திரை உருளைப்புழுவை ஏறக்குறைய முழுதாக நீக்குகிறது. சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்கிறது. கொக்கிப்புழுவின் சிக்கல் வேறு: வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறும் அது பள்ளிப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடமே அதிகம் குடியிருக்கிறது. அதனால்தான் 2017-இல் தொடங்கி ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வில், சில பகுதிகளில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும், மற்றவற்றில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்கும் சேர்த்து, ஆண்டுக்கு இருமுறை மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள்.