ராஜா நடையும் சேவகன் நடையும்

பொங்கல் விழா நெருங்குகிறது. நம் சங்கத்துப் பிள்ளைகளின் நாடக ஒத்திகை தொடங்கிவிட்டது. ராஜா வேஷத்துக்குப் பலத்த போட்டி. சேவகன் வேஷத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. "என் பையனுக்கு நல்ல வேஷமாகக் கொடுங்கள் சார்" என்று பெற்றோர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே என் அனுபவம் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1991-ல் நான் கரக்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேன். வயது முப்பது. அந்த ஆண்டுப் பொங்கலுக்குக் காலனித் தமிழர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். எனக்கு ஜமீன்தார் வேஷம். என் ஷாப்பில் வேலை பார்த்த கலாசி ஒருவருக்கு வேலையாள் வேஷம். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்தப் பங்கீடு யாருக்குமே வித்தியாசமாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒத்திகையில் நான் கத்தினேன், கையை வீசினேன், மேடை அதிர நடந்தேன். நாடகத்தை நடத்திய பள்ளி ஆசிரியர் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள், "இரண்டு பேரும் வேஷத்தை மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.

துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதுகை வளைத்து நின்றேன். "முதுகு வளைகிறது, தலை வளையவில்லையே!" என்றார் ஆசிரியர். பார்வையைத் தாழ்த்தச் சொன்னார். இரண்டு விநாடிகூட நிற்கவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் வசனத்தில் வந்தது. "நீங்க சொன்னா சரிங்க எஜமான்" என்று அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'நீங்க' என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. எட்டு வருஷமாக அவரை 'நீ' என்றே அழைத்து வந்தவன் நான்.

அவரோ கத்தவே இல்லை. மெதுவாக வந்தார், நின்றார். நான் பேசப் பேசக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேசி முடித்த பிறகும் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தலையை அசைக்காமல் "ம்…" என்று இழுத்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வீடு திரும்பும் வழியில் என் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவர் ஜமீன்தாராவா நடிச்சார்? உங்களை மாதிரி இல்ல நடிச்சார்!"

அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பிற்காலத்தில் நாடகம் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படித்தபோது இதற்கு விளக்கம் கிடைத்தது. கீத் ஜான்ஸ்டன் என்பவர் 1950-களில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் சேர்ந்து, அங்கே நடிகர்களுக்குப் பயிற்சியும் அளித்தவர். 1979-ல் வெளிவந்த 'இம்ப்ரோ' என்ற நூலில், பதவி வேறு, நடிக்கும் நிலை வேறு என்கிறார். ராஜாவாகப் பிறந்தவன் பணிந்தும் பேசலாம், பிச்சைக்காரன் அதிகாரமாகவும் பேசலாம். பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருந்தால் நிலை உயரும். முகத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தாழும். தயக்கத்தோடு சின்னதாக ஓர் ஒலி எழுப்பிவிட்டுப் பேச ஆரம்பிப்பவன் தாழ்கிறான். அதே ஒலியை நீட்டி இழுப்பவன், குறுக்கே பேசாதே என்று சொல்லாமல் சொல்கிறான். எதிரில் நிற்பவரைவிட ஒரு படி மட்டும் மேலே அல்லது கீழே இருந்து பாருங்கள் என்பது அவர் கொடுத்த பயிற்சி. ஏற்றமரம் போல, ஒருவர் தாழ்ந்தால் மற்றவர் தானே உயர்வார்.

நம் நாட்டில் பரதரின் நாட்டிய சாஸ்திரம் இதை வெகு காலத்துக்கு முன்பே கணக்காகவே சொல்லிவிட்டது. உத்தமப் பாத்திரத்தின் காலடிக்கு நான்கு தாளம் அளவு, மத்திமத்துக்கு இரண்டு, அதமத்துக்கு ஒன்று. ஓர் அடிக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் அதே நான்கு, இரண்டு, ஒன்று. பொறியியல் படித்தவன் புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். மூவரின் வேகமும் ஒன்றேதான்! ராஜா ஓர் அடி வைக்கும் நேரத்தில் சேவகன் நான்கு அடி வைக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடம் சேர்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் ஒருவன் நிதானமாகவும் மற்றவன் ஓட்டமாகவும் தெரிகிறது.

கலாசிக்கு இந்தப் புத்தகங்கள் எதுவும் தெரியாது. ஆனால் மேலதிகாரியின் முகம் பார்த்தே பிழைக்க வேண்டியவர், அவருடைய ஒவ்வோர் அசைவையும் மனத்தில் வாங்கி வைத்திருந்தார். மேலே இருந்த நான் அவரை ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை. அதனால்தான் அவருக்கு இரண்டு வேஷமும் வந்தது, எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் அவர் ஷாப் அறை வாசலில் வந்து நின்றார். "சார், ஏதும் தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "உள்ளே வாங்க, உட்காருங்க" என்றேன். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். முழுசாகச் சாய்ந்து உட்கார மேலும் சில மாதங்கள் ஆயின. 'நீ' என்று அதன்பின் நான் அவரை அழைக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்குச் சேவகன் வேஷம் கிடைத்தால் வருந்த வேண்டாம். இந்த ஆண்டு ஒத்திகையில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வேஷத்தையும் போட்டுப் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறேன். ராஜாவுக்கு ஓர் அடி, சேவகனுக்கு நான்கு அடி; ராஜாவுக்கு அசையாத தலை, சேவகனுக்குத் தாழ்ந்த கண். வங்காளி நண்பர்களிடம் 'ஆப்னி', 'துமி', 'துய்' என்று ஆளுக்கேற்ப மாற்றிப் பேசத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது கடினமல்ல. வீட்டுக்குத் தண்ணீர் கேன் கொண்டுவருபவர் எப்படி நிற்கிறார், நாம் அவரிடம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்று ஒரு வாரம் கவனித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

நடிப்பு வருகிறதோ இல்லையோ, அந்தக் கவனிப்பு அவர்களிடம் தங்கினால் போதும்.