பனகல் பூங்காவுக்கு அடியில்

சென்னை தி.நகரில் பட்டுப்புடவைக்குக் கடை கடையாக ஏறி இறங்கிக் கால் ஓய்ந்தவர்கள் பனகல் பூங்காவில் கொஞ்சம் உட்காருவது வழக்கம். அவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு ஏரிக்குள்!

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. நீளத்தைப் பார்த்தே ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். கிழக்குக் கரையை ஒட்டி மவுண்ட் ரோடு. மேற்கே மாம்பலம் கிராமம். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள்.

1920களில் சென்னையில் வீட்டுமனைக்குத் தட்டுப்பாடு. நீதிக்கட்சி ஆட்சி ஏரியின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து ஒரு குடியிருப்பை உருவாக்கியது. கட்சியின் மூத்த தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் ஊருக்கு; அந்தத் தியாகராய நகர்தான் தி.நகர். அப்போதைய முதன்மை அமைச்சர் பனகல் அரசரின் பெயர் நடுவில் இருந்த பூங்காவுக்கு. அதைச் சுற்றித்தான் உஸ்மான் சாலையும் வெங்கட்நாராயணா சாலையும் பிரிந்து போகின்றன. சும்மா சொல்லக்கூடாது, அழகான திட்டம்தான். ஆனால், தண்ணீரை யாரும் கேட்கவில்லை. 2021 நவம்பர் மழையில் அது தி.நகர் தெருக்களில் வந்து நின்றது.

ஏரியின் நுங்கம்பாக்கம் பகுதியும் பின்னால் தூர்ந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அங்கேதான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் பக்கத்து மாடிதான் தெரியும்.