குதிரையின் நிறமும் குணமும்

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் ஆலயத்தின் கலியாண மண்டபத்தைக் கண்டவர்கள், அங்கே யாளிகளோடு முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் கற்குதிரைகளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். சிற்பி அக்குதிரைகளுக்கு வேகம் கொடுத்தான், சினம் கொடுத்தான், நிறம் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அதனால் அவற்றின் கம்பீரம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. ஆயினும், உயிருள்ள குதிரையை விலை பேசப் போகும் ஒருவரிடம் முதலில் எதைப் பார்ப்பீர் என்று கேட்டால், நம்மவரில் பெரும்பாலார் நிறத்தையும் சுழியையுமே சொல்வர். நிறத்தைக் கொண்டு குணத்தை நிச்சயிக்கும் இவ்வழக்கம் நியாயமானதுதானா என்பதே இன்று நாம் விசாரணைக்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றவுடன் இக்காலத்தவருக்குத் தோலும் பாதரட்சையுமே நினைவுக்கு வரும். ஆனால் ராணிப்பேட்டையின் பெயரிலேயே ஒரு குதிரை வீரனின் கதை ஒளிந்திருக்கிறது. 1714ல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் சைன்யத்தை எதிர்த்துப் போரில் மாண்ட செஞ்சித் தேசிங்கு ராஜனின் மனைவி கணவனோடு தீப்பாய்ந்தாள் என்றும், அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை என்ற ஊர் உண்டாயிற்று என்றும் பரம்பரையாகச் சொல்வர். அக்கதையைப் பாடித் திரிந்த நாட்டுப்புறப் பாடகர்கள் வீரர்களின் பெயரோடு பாராசாரி, நீலவேணி என்ற குதிரைகளின் பெயரையும் மறவாமல் பாடினார்கள். நீலவேணி என்றால் நீல மயிர் உடையது. உலகத்தில் நீலக் குதிரை உண்டா? கவிகளின் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். அக்கேள்விக்குப் பின்னர் விடை சொல்வோம்.

தமிழ்நாடு குதிரை பிறக்கும் தேசமன்று. குதிரையை வாங்கிய தேசம். பாண்டியர் காலத்தில் அரபு வணிகர்கள் கப்பல் கப்பலாகக் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடு எஞ்சின என்று எழுதிவைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையும் தகாத தீனியுமே காரணம் என்பது அவர் கூற்று. வாங்கும்போது நிறமும் இலட்சணமும் பார்த்து அள்ளிக் கொடுத்த கை, வாங்கியபின் கொள்ளும் புல்லும் சரியாகக் கொடுக்க அறியவில்லை போலும்! இது வருந்தத்தக்க செய்தியேயன்றி வியக்கத்தக்க செய்தியன்று. கண்ணுக்குத் தெரிவதற்கு விலை கொடுத்துவிட்டு, தெரியாததைக் கவனியாமல் விடுவது மனித சுபாவம்.

நம் முன்னோரின் கூர்மையான நோக்கை நாம் குறைத்துப் பேசவில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரஸ்வதி மகாலார் 1952ல் அச்சிட்டு வெளியிட்டார்கள். குதிரையின் அங்க லக்ஷணங்களை அவ்வளவு நுணுக்கமாக வகுத்தவர்கள் குருடர்களல்லர். நான்கு கால்களும் முகமும் வெளுத்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்று கொண்டாடினார்கள். உருது பேசும் குதிரைக்காரர்களும் கறுப்பை முஷ்கி என்றும், செந்நிறத்தைச் சுரங் என்றும், உடல் சிவந்து பிடரியும் வாலும் கால்களும் கறுத்ததைக் குமைத் என்றும், வெண்மையும் கறுமையும் கலந்ததைச் சப்ஜா என்றும் பிரித்து வழங்கினார்கள். பார்த்தவை யாவும் மெய். பார்த்ததிலிருந்து செய்த தீர்ப்பிலேதான் பிழை நேர்ந்தது.

இனி, இக்காலத்து ஆராய்ச்சியாளர் கூறும் சாட்சியத்தைக் கேட்போம். குதிரையின் மயிரில் உள்ள நிறப்பொருள் இரண்டே இரண்டு: ஒன்று கறுப்பு, மற்றொன்று சிவப்பு. மற்ற நிறங்கள் யாவும் இவ்விரண்டையும் கூட்டியும் குறைத்தும் மறைத்தும் உண்டானவை. கூட்டுவதும் குறைப்பதும் மரபணுக்களின் வேலை. ஒவ்வொரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியாகவும் தாயிடமிருந்து ஒரு பிரதியாகவும் குட்டிக்கு வருகிறது. முதலாவது மரபணு, கறுப்பு நிறப்பொருள் உண்டாகலாமா கூடாதா என்று தீர்மானிக்கிறது. இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால் குட்டி செந்நிறமாய்ப் பிறக்கும். ஒரு பிரதி நன்றாயிருந்தாலும் கறுப்பு தோன்றும். இரண்டாவது மரபணு, உண்டான கறுப்பைப் பிடரி, வால், கால் என்ற எல்லைகளுக்குள் நிறுத்தி வைக்கிறது. அது வேலை செய்தால் குமைத். செய்யாவிட்டால் முழுக் கறுப்பு.

இதிலிருந்து வழக்கறிஞர்களுக்கு உவப்பான இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. செந்நிறத் தந்தைக்கும் செந்நிறத் தாய்க்கும் கறுப்புக் குட்டி பிறந்ததாக ஒருவன் பத்திரம் காட்டினால், அப்பத்திரத்தை நம்பலாகாது. கொடுப்பதற்குக் கறுப்பு இருவரிடமும் இல்லை. ஆனால் செந்நிறத் தந்தைக்கும் கறுப்புத் தாய்க்கும் குமைத் நிறக் குட்டி பிறந்தால் தாயைச் சந்தேகிப்பது பெரும் பாவம். கறுப்பை எல்லைக்குள் நிறுத்தும் மரபணு செந்நிறக் குதிரையின் உடலில் வேலையின்றி உறங்கியிருந்து, குட்டியினிடத்தில் விழித்துக்கொள்ளக்கூடும்.

இவ்வுண்மை எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. பட்டாணிச் செடியைக் கொண்டு மெண்டல் என்ற துறவி 1866ல் வெளியிட்ட விதிகளை உலகம் 1900 வரையில் மறந்திருந்தது. 1906ல் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் பந்தயக் குதிரைகளின் வமிசப் பேரேடுகளைப் புரட்டி, செந்நிறம் மெண்டலின் விதிப்படியே மறைந்தும் வெளிப்பட்டும் வருகிறது என்று எடுத்துக்காட்டினார். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் வெல்டன் அதே பேரேடுகளிலிருந்து விலக்குகளைத் திரட்டி மறுத்தார். அவ்விலக்குகள் இயற்கையின் விலக்குகளா, எழுதியவர்களின் பிழைகளா என்ற வாதம் மூண்டது. அந்த வேலையில் மூழ்கியிருந்த காலத்திலேயே, 1906 ஏப்ரலில் வெல்டன் காலமானார். செந்நிறத்துக்குக் காரணமான மரபணு மாறுதல் ஆராய்ச்சிச்சாலையில் கண்டறியப்பட்டது 1996ல். வழக்கு ஹர்ஸ்டின் பக்கம் தீர்ந்தது. சாட்சியம் வந்துசேர ஒரு தலைமுறை போதவில்லை என்பதைத் தேச காரியங்களில் பொறுமை இழப்பவர்கள் கவனித்தல் நலம்.

ஒரு கற்பித வழக்கைச் சொல்வோம். ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் ஆம்பூர் வண்டிக்காரர் ஒருவர் தம் கறுப்புக் குட்டியை ஈடு வைத்துக் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுக்குப் பின் கடனைத் தீர்த்துக் குதிரையைக் கேட்கிறார். கடன் கொடுத்தவர் கொண்டுவந்து நிறுத்துவதோ வெள்ளைக் குதிரை! மோசடி என்று கூவுகிறார் ஏழை. கடன் கொடுத்தவர் ஆணையிட்டு மறுக்கிறார். யார் சொல்வது மெய்? இருவர் சொல்வதும் மெய்யாயிருக்கலாம். நாம் வெள்ளைக் குதிரை என்று வழங்குவனவற்றுள் பல பிறக்கும்போது கறுப்பாகவோ செந்நிறமாகவோ இருந்து, ஆண்டுதோறும் நரைத்து, ஆறு முதல் எட்டு வயதுக்குள் வெளுத்தவையே. மேலே மயிர் வெளுத்தாலும் கீழே தோல் கறுத்தேயிருக்கும். நரைத்துவரும் பருவத்தில் கரிய தோலின்மீது வெள்ளை மயிரும் கறுப்பு மயிரும் கலந்து நிற்கும்போது கண்ணுக்கு நீலம் போலத் தோன்றும். நீலவேணி என்ற பெயரின் இரகசியம் இதுவாகவே இருத்தல் கூடும். ராணா பிரதாபனின் சேதக்கையும் இராஜபுத்திரர் நீலக் குதிரை என்றே பாடுகிறார்கள். நாம் நீலம் என்றதை உருதுக்காரர் சப்ஜா, அதாவது பசுமை என்றனர், குதிரை ஒன்றே.

நம் வழக்கைத் தீர்க்க வழி யாது? நிறம் மாறும், சுழி மாறாது. மயிர்ச் சுழிகளின் இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வைத்திருந்தால் குதிரை தானே தன்னை நிரூபித்துக்கொள்ளும். இன்றும் குதிரைகளின் அடையாளப் பத்திரங்களில் சுழிகளைக் குறிக்கும் வழக்கம் உண்டு. அதிர்ஷ்டம் பார்க்க நாம் பயன்படுத்திய அதே சுழி அடையாளம் காட்டப் பயன்படுகிறது. சாஸ்திரத்தின் கண் பழுதில்லை என்று நாம் சொன்னதன் பொருள் இதுவே.

பஞ்சகல்யாணியின் கதை இதனினும் சுவையானது. கருவில் நிறம் தரும் உயிரணுக்கள் முதுகெலும்பின் பக்கத்தில் தோன்றி, அங்கிருந்து உடலெங்கும் பிரயாணம் செய்கின்றன. நெற்றியும் குளம்படியும் அவற்றின் கடைசி ஊர்கள். அங்கே போய்ச் சேராவிட்டால் அவ்விடங்கள் வெண்மையாக நின்றுவிடும். இதில் வமிசத்துக்கும் பங்குண்டு, தற்செயலுக்கும் பங்குண்டு. ஒரே மரபணுக்களைக் கொண்டு நகலெடுத்துப் பிறப்பித்த குதிரைகளுக்குங்கூட வெள்ளைக் குறிகள் ஒன்றுபோல அமைவதில்லை. பயணம் முடியாமற்போன சில உயிரணுக்களின் அடையாளத்தை நாம் ராஜயோகத்தின் முத்திரை என்று கொண்டாடினோம்.

அவ்வாறாயின் நிறத்தில் யாதொரு பொருளும் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் அது சந்தை சொல்லும் பொருளன்று. எல்லோரும் விரும்பும் நரை வெள்ளைக் குதிரைகளில், 15 வயதைக் கடந்தவற்றுள் நூற்றுக்கு 70 முதல் 80 வரை தோலில் கரிய கட்டிகள் தோன்றுகின்றன. நரைக்கும் காரணமும் கட்டிக்கு இடமளிக்கும் காரணமும் ஒரே மரபணு மாறுதல்தான் என்று 2008ல் நிரூபித்திருக்கிறார்கள். அமெரிக்க இனங்கள் சிலவற்றில் உடலில் வெள்ளைத் திட்டு அமைக்கும் ஒரு மரபணு உண்டு. ஒரு பிரதி வந்தால் அழகு. இரு பிரதி வந்தால் குட்டி முழு வெண்மையாய்ப் பிறந்து, குடலில் நரம்பணுக்கள் இல்லாமையால் சில நாட்களுக்குள் மாண்டுபோகிறது. அழகுக்காக இரு திட்டுக் குதிரைகளை இணைப்பவன் நான்கில் ஒரு பங்கு மரணத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறான். இதைச் சகுனம் சொல்லாது, சோதனைதான் சொல்லும்.

ஆதியில் குதிரைகளுக்கு இத்தனை நிறங்கள் இல்லை. பழைய எலும்புகளிலிருந்து மரபணுக்களை எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2009ல் வெளியாயிற்று. காட்டுக் குதிரைகள் பெரும்பாலும் குமைத் நிறத்தவையே என்றும், மனிதன் அவற்றைப் பழக்கத் தொடங்கிய பின்னரே, சுமார் 5000 ஆண்டுகளாக, நிறங்கள் விரைந்து பெருகின என்றும் அது கூறுகிறது. நிறத்தைப் பெருக்கியவனும் நாமே. அதற்கு உயர்வு தாழ்வு கற்பித்தவனும் நாமே.

10-7-1806 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற துரை குதிரைப்படையோடு ஏறக்குறைய 16 மைல் பாய்ந்து வந்தார். அன்று அக்குதிரைகளின் நிறத்தை அவரும் கேட்கவில்லை, கோட்டைக்குள் இருந்தவர்களும் கேட்கவில்லை. கால்களின் வலிமையே அன்றைய விதியைத் தீர்த்தது. ஆனால் குதிரையிடம் கற்ற இப்பாடத்தை அதே ஆட்சியார் மனிதரிடம் மறந்தார்கள். 1857க்குப் பின் இன்ன ஜாதி வீர ஜாதி, இன்ன ஜாதி கோழை ஜாதி என்று பிறப்பை வைத்துப் பட்டியல் போட்டார்கள். சென்னைச் சிப்பாயைத் தாழ்த்தினார்கள். 1871ல் சில கூட்டத்தாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டமே செய்தார்கள். சுதந்திர இந்தியா 1952ல் அதை அடியோடு நீக்கியது. சட்டம் நீங்கிற்று, நிறம் பார்த்துப் பெண் கேட்பதும், குலம் பார்த்துக் குணம் சொல்வதும் நம் வீடுகளை விட்டு நீங்கினவா?

விடை வேண்டுவோர் தோல் பதனிடும் சாலைகளுக்குச் செல்லட்டும். அங்கே வருவது குதிரைத் தோலன்று. மாடும் எருமையும் ஆடுமே. கரியதும் செம்மையும் புள்ளியுமாக வரும் அத்தோல்கள் சுண்ணாம்புக் குழியில் ஊறுகின்றன. மயிரும் மேற்றோலும் கழன்றுபோகின்றன. எஞ்சிய கறையையும் தொழிலாளி கத்தியால் வழித்தெடுக்கிறார். பின்பு எது கறுத்த மாடு, எது சிவந்த மாடு என்று கண்டவர் சொல்ல இயலாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஏற்றபின் விலை நிர்ணயமாவது தோலின் உறுதியாலும் தொழிலாளியின் கைத்திறத்தாலுமே. இவ்வுண்மையை அன்றாடம் தம் கையால் தொட்டறிந்த அத்தொழிலாளியையே, தோலைத் தொட்டான் என்பதற்காக நம் சமூகம் பல நூற்றாண்டு ஒதுக்கி வைத்தது. நிறம் மயிரளவே ஆழமுடையது என்பதை ஆராய்ச்சிச்சாலைக்கு முன்பே கண்டவர் அவர். அவரிடம் நாம் பாடம் கேட்க வேண்டியவர்களேயன்றி, அவருக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களல்லர்.