வீட்டு ரிப்பேரும் தீ அபாயமும்

மழைக் காலம் ஓய்ந்து தை பிறந்ததும் ராயபுரம் கல்மண்டபத்துச் சந்துகளில் வாசலுக்கு வாசல் மணலும் சிமெண்டும் குவிந்துவிடுகின்றன. ஒழுகிய தளத்தை அடைக்கக் கொத்தனார் வருகிறார்; ஈரம் ஊறிய சுவரில் கம்பி மாற்ற வயர்மேன் வருகிறார். இவர்களைத் தேடி யாரும் வெகுதூரம் அலைவதில்லை. டீக்கடையில் ஒரு வார்த்தை, இரும்புச் சாமான் கடையில் ஒரு வார்த்தை. மறுநாள் காலையில் ஆள் வாசலில் நிற்கிறார். அக்கம்பக்கத்துத் தொழிலாளிக்கே அக்கம்பக்கத்து வேலையைக் கொடுப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். நாளை ஒரு கோளாறு என்றால் அவரை அதே தெருவில் பிடித்துக் கேட்கலாம். எங்கோ இருக்கும் பெரிய கம்பெனியிடம் அந்த வசதி கிடையாது.

ஆனால், அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். மூவரில் குறைத்துச் சொன்னவரிடம் மேலும் ஐந்நூறு ரூபாய் குறைக்கிறோம். அதன் பிறகு வேலை எப்படி நடக்கிறதென்று எட்டிப் பார்ப்பதும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும் வேலையில் இதனால் பெரிய கெடுதல் வந்துவிடாது. சுவர் வெளிறும், அவ்வளவுதான். மின்சார வேலையில் இந்தப் பேரம் தீயில் போய் முடியக்கூடும். அதிலும், கல்மண்டபத்தில் ஒருவர் வீட்டுத் தீ ஒருவர் வீட்டோடு நிற்பதில்லை.

ஊரின் அமைப்பு அப்படி. வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். பழைய வீடுகள் பலவற்றில் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளம். சந்துகளின் இருபுறமும் மோட்டார் சைக்கிள்கள். தீயணைப்பு வண்டி பெரிய சாலையிலேயே நின்றுவிட, வீரர்கள் குழாயைச் சுமந்து ஓட வேண்டியிருக்கிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் ஜன்னல் கம்பியை மட்டுமா தின்கின்றன? சுவிட்சுப் பெட்டிக்குள் இருக்கும் திருகையும் செம்புக் கம்பியின் முனையையும் அரிக்கின்றன. அரித்த இணைப்பு தளர்கிறது. தளர்ந்த இணைப்பு சூடேறுகிறது.

வடசென்னை நெருப்பை அறியாத பகுதியல்ல. 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு எம்டன் கப்பல் சுட்ட குண்டுகளால் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையை இன்றும் பாட்டிமார் சொல்லுகிறார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையையும் தண்டையார்ப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளையும் நாம் அச்சத்துடனேயே பார்க்கிறோம். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், நமது படுக்கையறைச் சுவருக்குள் ஓடும் கம்பியைப் பற்றி நமக்கு யாதொரு கவலையும் இல்லை என்பது வேடிக்கையாயிருக்கிறது.

இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் ஓடுவதற்காக முப்பது வருஷத்திற்கு முன் போட்ட கம்பி, இன்று குளிர்சாதனப் பெட்டியையும் வெந்நீர் இயந்திரத்தையும் ஏ.ஸி.யையும் சேர்த்துச் சுமக்கிறது. விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போதும். வெந்நீர் இயந்திரத்துக்கு 2.5, ஏ.ஸி.க்கு 4 என்பது வழக்கம். மெல்லிய கம்பியில் மிகுந்த மின்சாரம் ஓடினால் கம்பி கொதிக்கிறது; மேலுறை இளகுகிறது; ஒருநாள் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்கின்றன. அதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியது எம்.ஸி.பி. என்னும் காவற்காரனின் வேலை. அவன் அடிக்கடி துண்டிக்கிறான் என்று எரிச்சல்பட்டு, 16 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் வைக்கச் சொல்கிறோம். வயர்மேனும் நமது திருப்திக்காக வைத்துவிட்டுப் போகிறார். காவற்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போன்றது இது. கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் சாதனம் ஒன்று இருக்கிறது. உயிர் காக்கும் சாதனம். பேரத்தில் முதலில் அடிபடுவது அதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது? பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு போன்ற சில்லறை மாற்றங்கள் நீங்கலாக, வீட்டு மின்சார வேலை எதையும் லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டரைக் கொண்டே, தகுதிப் பத்திரம் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டுமென்று 1956ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே கூறிவிட்டன. பின்னர் 2010லும் 2023லும் புதிய விதிகள் வந்தபோதும் இந்த நிபந்தனை நீங்கவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்த லைசென்ஸைக் காட்டும்படி கேட்டிருக்கிறோம்? கேட்பது அவமதிப்பு என்று நினைக்கிறோம். டாக்டரின் பெயர்ப் பலகையில் பட்டத்தைப் பார்ப்பது அவமதிப்பாகுமா?

லைசென்ஸ் இல்லாதவர்களையெல்லாம் விரட்டிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பத்து வருஷம் கையால் வேலை செய்து தேர்ந்த இளைஞர்கள் பலர் காகிதம் இல்லாத ஒரே காரணத்தால் அரைக் கூலிக்கு உழைக்கிறார்கள். அனுபவம் உள்ள இப்படிப்பட்டவர்களுக்காகவே மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வைத் தமிழ்நாடு சர்க்கார் நடத்தி வருகிறது. விண்ணப்பம் எழுதவும் பாடம் சொல்லிக் கொடுக்கவும் நமது தொண்டர்கள் முன்வரலாகாதா? கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதைவிட இது சிறிய தொண்டல்ல.

மலிவின் விலையை லண்டனும் கொடுத்திருக்கிறது. கிரென்பெல் கட்டடம் என்ற 24 மாடிக் குடியிருப்பைப் பழுது பார்த்தபோது, துத்தநாகத் தகடுகளுக்குப் பதிலாக, நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடுகளை வெளிச்சுவரில் பொருத்தினார்கள். மிச்சம் சுமார் 3 லட்சம் பவுண்டு. 2017 ஜூன் 14ந் தேதி ஒரு குளிர்சாதனப் பெட்டியில் பிறந்த தீ அத்தகடுகளைப் பற்றி ஏறியது. 72 பேர் மாண்டனர். செல்வமும் சட்டமும் நிறைந்த நகரத்தின் கதியே இது.

ஆகவே, வேலை தொடங்குமுன் ஒரு காகிதத்தில் கணக்கு எழுதிக் கொள்வது நலம். எந்த அளவுக் கம்பி, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, சாமான் யார் வாங்குவது, எத்தனை நாள், கூலி எத்தனை தவணை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்க வேண்டாம். காப்பும் எர்த்தும் கருவி வைத்துச் சோதித்துக் காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுக்கலாம். ஆனால், கொடுக்க வேண்டிய அந்தத் தவணையை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் கனவான்களும் நமது தெருக்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வேலைக்கு நல்ல தொழிலாளி இரண்டாம் முறை வருவதில்லை. யார் வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

கொல்லரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு. திருடனுக்கு அஞ்சி ஜன்னலுக்கும் பால்கனிக்கும் இரும்புக் கிராதி அடித்துவிடுகிறோம். வாசலில் தீ மூண்டால் உள்ளிருப்பவர் எவ்வழியே வெளியேறுவது? ஒரு கிராதியாவது உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்திருக்க வேண்டும். சாவி அதன் அருகிலேயே தொங்க வேண்டும். வெல்டிங் நடக்கும் வேளையில் பெயிண்டும் தின்னரும் அதே அறையில் இருத்தல் கூடாது. காஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். காஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குச் சொல்ல வேண்டும்.

மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு வாடகைக்கு விடுவோரைப் பற்றி நாம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 2004 ஜனவரி 23ந் தேதி ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் மின்சாரப் பொறி கீற்றுப் பந்தலைப் பற்றியதில் மணமகன் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அதே வருஷம் ஜூலை 16ந் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பின் பள்ளிக்கூடங்களில் கீற்று நீங்கியது. நமது மாடிகளில் நீங்கியதா?

குடித்தனக்காரர் நிலைமை இதிலும் பரிதாபமே. பழுதான கம்பியை மாற்றும்படி கேட்டால் வீட்டுக்காரர், “இஷ்டமில்லையேல் காலி செய்யலாம்” என்கிறார். குடித்தனக்காரர் தம் செலவில் மாற்றிக்கொள்ளவும் துணிவதில்லை. நாளை வெளியேறினால் பணம் போயிற்று. இந்தப் பிடிவாதத்துக்கிடையே கம்பி கருகிக் கொண்டிருக்கிறது. தனியொருவர் கேட்டால் காலி செய்யச் சொல்வார். தெருவே சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்ல அவருக்கு நாவெழாது. சங்கம் வைத்துக் கூலியுரிமை பெற்ற பகுதி இது. மீட்டர் பெட்டியைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது அதைவிடக் கடினமான காரியமல்ல.

1944 ஏப்ரல் 14ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, தீயணைக்கச் சென்ற 66 வீரர்கள் உயிர் துறந்தனர். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அந்நாள் முதல் ஒரு வாரம் தீயணைப்பு வாரம் நடைபெறுகிறது. துறைமுகத்தின் பக்கத்திலேயே வாழும் கல்மண்டபத்து அன்பர்கள் வரும் வாரத்தில் தெருவுக்கு நான்கு தொண்டரும் லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனுமாகச் சேர்ந்து, வீடுதோறும் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களானால், சந்தை அடைத்து நிற்கும் வண்டிகளைப் பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.