பூட்டைத் திறந்தால் மட்டும் போதுமா?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களின் பெட்டியில் ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டரும் கைக்கடிகாரமும் இருக்கும். இப்போது அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. “இது அன்லாக் செய்த போன், எந்த சிம்மையும் போடலாம்” என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். சிம்மைப் போட்டால் மொட்டை மாடியில் நன்றாகப் பேச முடிகிறது. கீழே அறைக்குள் வந்தால் பேச்சு அறுந்துவிடுகிறது. சிலருக்கு இணையம் வருகிறது, பேச்சு வருவதில்லை. அதே சிம்மைப் பக்கத்து வீட்டுக்காரரின் மலிவான கைப்பேசியில் போட்டால் ஒரு குறையும் இல்லை! விலை உயர்ந்த கருவிக்கு என்ன கேடு வந்தது?

கருவியில் கேடு ஏதும் இல்லை. ‘பூட்டு’ என்பது ஒன்று, ‘பொருத்தம்’ என்பது வேறு; இரண்டையும் நாம் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

முதலில் பூட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் பல தொலைபேசி நிறுவனங்கள் கைப்பேசியைத் தவணையில் விற்கின்றன. தவணை முடியுமுன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடக் கூடாதல்லவா? அதற்காகப் போடுவதே இந்தப் பூட்டு. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும்; இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இரண்டு மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். பூட்டிய கைப்பேசி இந்த இலக்கங்களைப் படித்துப் பார்த்து, தன் முதலாளியின் எண் இல்லை என்றால் வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே பூட்டு முழுக்க முழுக்க மென்பொருள் சமாச்சாரம். மென்பொருளாலேயே திறந்தும் விடலாம். இந்தியாவிலும் 2017-இல் வந்த ஜியோபோன் இவ்வாறு பூட்டப்பட்டிருந்தது. பிரிட்டனிலோ 2021 டிசம்பர் முதல் பூட்டிய கைப்பேசியை விற்கவே தடை.

பொருத்தம் என்பது இப்படிப்பட்டதன்று. பழைய வானொலிப் பெட்டிகளை நினைவிருக்கிறதா? ‘ஒரு பேண்ட்’ பெட்டியில் மத்திய அலை மட்டுமே கேட்கும். பி.பி.சி. தமிழோசை கேட்க விரும்பியவர்கள் சிற்றலையும் உள்ள ‘இரண்டு பேண்ட்’, ‘மூன்று பேண்ட்’ பெட்டியைத் தேடி வாங்கினார்கள். கைப்பேசியும் ஒரு வானொலிதான். கேட்பதோடு பேசவும் செய்கிற வானொலி. அதற்கும் பேண்டுகள் உண்டு. அவற்றை அதிர்வெண் பட்டைகள் என்போம்.

ஒரு பட்டை போதாதா, பல எதற்கு? விடையை வண்டலூரிலேயே காணலாம். ரேடியோ அலை வினாடிக்குச் சுமார் 30 கோடி மீட்டர் செல்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 90 கோடி அதிர்வுகள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் அலைநீளம் மூன்றில் ஒரு மீட்டர், அதாவது சுமார் 33 சென்டிமீட்டர். இதே கணக்கில் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர், 2300-க்கு 13, 3500-க்கு 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும்; சுவர்களையும் ஓரளவு எளிதாகக் கடக்கும். அதிர்வெண் இரு மடங்கானால், அதே தூரத்தில் அதே வகை ஆன்டெனா பெறும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 1985 முதல் வண்டலூரில் இயங்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள காட்டுப் பகுதி. ஈரம் நிறைந்த இலைகள் அதிக அதிர்வெண் அலைகளை நன்றாக விழுங்கிவிடும். இத்தகைய இடத்துக்குக் குறைந்த அதிர்வெண்ணே ஏற்றது.

பக்கத்தில் உள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் கதை வேறு. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த முனையத்தில், பண்டிகைக்கு முதல் நாள் இரவு எத்தனை பேர் ஒரே நேரத்தில் கைப்பேசியைக் காதில் வைத்திருப்பார்கள்! அங்கே அலை எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட எவ்வளவு தகவலைச் சுமக்கிறது என்பதே பெரிது. குறைந்த அதிர்வெண்களில் இடம் குறுகல்; 2300, 3300 போன்ற உயர் பட்டைகளில் இடம் தாராளம். எனவே இரண்டும் வேண்டியிருக்கிறது. மாடியில் கிடைத்துக் கீழ் அறையில் மறையும் கைப்பேசி பெரும்பாலும் உயர் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் நுழையக்கூடிய குறைந்த பட்டையைத் தவற விடுகிறது.

அப்படித் தவற விடுவது ஏன்? நாடுகள் வெவ்வேறு பட்டைகளை ஒதுக்கியதால்தான். ஐரோப்பா தன் ஜி.எஸ்.எம். முறைக்கு 900-ஐயும், பிறகு 1800-ஐயும் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1983-லேயே கைப்பேசிச் சேவை 850-ஐ ஒட்டித் தொடங்கிவிட்டது. பின்னர் 1900 சேர்ந்தது. 1995-இல் இந்தியாவுக்குக் கைப்பேசி வந்தபோது நாம் ஐரோப்பிய வழியைப் பின்பற்றினோம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளும் 900, 1800 வழியில் சென்றவையே. ஆகையால் துபாயிலிருந்து வரும் கைப்பேசி இங்கு அதிகம் தகராறு செய்வதில்லை. அமெரிக்கக் கருவியில்தான் எச்சரிக்கை தேவை.

இதில் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். ‘700’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் பட்டை உண்டு, இங்கும் உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு! இந்தியாவில் கைப்பேசி 703 முதல் 748 வரையுள்ள பகுதியில் பேசும். டவர் 758 முதல் 803 வரை பேசும். இது 28-ஆம் எண் பட்டை. அமெரிக்காவின் 12-ஆம் எண் பட்டையில் கைப்பேசி டவரைக் கேட்பது 729 முதல் 746 வரை. அதாவது, நம் ஊர்க் கைப்பேசிகள் பேசுகிற இடத்தில் அது காதை வைத்துக்கொண்டிருக்கிறது. 13-ஆம் எண்ணில் நிலைமை தலைகீழ்: நம் டவர்கள் பேசும் இடத்தில் அந்தக் கைப்பேசி பேச வேண்டும். நல்லவேளையாக, தனக்குப் புரியும் டவரின் குரலைக் கேட்காமல் எந்தக் கைப்பேசியும் வாய் திறப்பதில்லை. எனவே பிறருக்கு இடைஞ்சல் இல்லை. கருவிதான் ஊமையாகிவிடுகிறது.

மென்பொருளை மாற்றி இதைச் சரிசெய்ய இயலாதா என்று நீங்கள் கேட்கலாம். இயலாது. ஆன்டெனா பிடிக்கும் அலைகளின் பெருங்கூட்டத்திலிருந்து ஒரு பட்டையை மட்டும் பிரித்தெடுக்க வடிகட்டிகள் தேவை. இவை அரிசிமணியைவிடச் சிறிய படிகத் துண்டுகள். படிகத்தின் மேல் சீப்புப் பற்களைப் போல மெல்லிய உலோகக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். மின் அலை அங்கே ஒலியை ஒத்த அதிர்வாக மாறிப் படிகத்தின் மேற்பரப்பில் ஓடும். கோடுகளின் இடைவெளிக்கு இசைந்த அதிர்வு மட்டுமே மறுபக்கம் மின் அலையாக மீளும். அந்த இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. தொழிற்சாலையில் ஒருமுறை பொறித்தால் பொறித்ததுதான். ஒவ்வொரு வடிகட்டிக்கும் காசு உண்டு, இடம் உண்டு. எனவே விலை உயர்ந்த கருவிகளில் ஏறக்குறைய உலகத்துப் பட்டைகள் அனைத்தையும் வைக்கிறார்கள். ஒரே நிறுவனத்துக்காகச் செய்யும் மலிவுக் கருவிகளில் அந்த நாட்டுக்கு வேண்டியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பட்டை பொருந்தியும் பேச்சு வராமல் போவது இன்னொரு தகராறு. 4ஜி முறையில் பேச்சும் இணையத் தகவலைப் போலவே செல்கிறது. இதனை வோல்டி என்கிறோம். கைப்பேசியின் மென்பொருளில் நம் நிறுவனத்துக்கான வோல்டி அமைப்பு இல்லையென்றால் இணையம் மட்டும் ஓடும். பழைய 2ஜி வசதி உள்ள நிறுவனங்களில் கைப்பேசி பேசும்போது அதற்கு இறங்கிக்கொள்ளும். 2016-இல் 4ஜியோடு தொடங்கிய ஜியோவிடம் 2ஜி கிடையாது. இறங்குவதற்குப் படியே இல்லை. அவசரத்துக்கு 108-ஐ அழைக்கும் வேளையில் இது சிறிய குறை ஆகாது.

வாங்குமுன் கருவியின் பெயரைப் பார்க்காமல் மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு மாடல் எண்கள் இருக்கலாம். பெட்டியின் மேலும் கருவியின் அமைப்புகளிலும் அது காணப்படும். தயாரிப்பாளர் தரும் பட்டியலில் 4ஜிக்கு 1, 3, 5, 8, 28, 40, 41 என்ற எண்களும், 5ஜிக்கு என்28, என்78 என்பனவும் இருந்தால் நம் நாட்டுக்குக் கவலையில்லை. வீட்டில் பி.எஸ்.என்.எல். என்றால் 28-ஐ விட்டுவிடாதீர்கள். அதன் 4ஜி 700-லும் 2100-லும் இயங்குகிறது. இன்னொன்று: 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் செருகும் இடமே இல்லை, இ-சிம் மட்டுமே.

பழைய கருவியாக வாங்கினால் உங்கள் சிம்மைப் போட்டு, வீட்டின் உள்ளறையில் நின்று ஒருமுறை பேசிப் பாருங்கள். அதற்கு முன் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரல் டவர் வழியே போகிறதா, வைஃபை வழியே போகிறதா என்று தெரியாது.