பாறைப் பிளவும் மணற்பரலும்

நிலத்தின் அடியில் உள்ள எண்ணெய், ஏரியில் நீர் தேங்குவது போலத் தேங்கி நிற்பதன்று. பாறையின் நுண்ணிய துளைகளிலே ஊறிக் கிடப்பதாகும். அத்துளைகள் ஒன்றோடொன்று நன்கு இணைந்திருப்பின் எண்ணெய் எளிதிற் கிணற்றை வந்தடையும். இணைப்புக் குன்றின், கிணறு ஆழமாயினும் பயன் சிறிதே. ஆதலின், பாறையினுள் வழி அமைக்கும் முறையை அறிஞர் நாடினர்.

அமெரிக்க நாட்டில் 1860-களில் கிணற்றினுள் வெடிமருந்திட்டுப் பாறையைத் தகர்த்தனர். அம்முறை இடர் மிக்கது. 1947-ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வாயு வயலில், கெட்டியாக்கிய பெட்ரோலை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திப் பார்த்தனர். பெரும்பயன் விளையவில்லை, ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை. 1949-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்முறை ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களில் வணிக முறையில் முதன்முதலாக மேற்கொள்ளப்பெற்றது.

அழுத்தமிக்க நீர்மம் பாறையைப் பிளக்கும். ஆனால், அழுத்தம் நீங்கியதும் சூழ்ந்துள்ள பாறையின் நெருக்கத்தால் அப்பிளவு மீண்டும் மூடிக்கொள்ளும். மரம் பிளப்போர், பிளந்த வாய் மூடாதவாறு அதன் இடையே ஆப்பு வைப்பர் அன்றோ? அவ்வாப்பின் தொழிலை இங்குச் செய்வது மணலே. நீர்மத்தோடு கலந்து செல்லும் மணற்பரல்கள் பிளவினுள் தங்கி, அதன் சுவர்களைத் தாங்கி நிற்கும்.

மணல் நீரில் விரைந்து அமிழும் இயல்பினது. அஃது அமிழாது நெடுந்தொலைவு செல்லும்பொருட்டு நீரிலே பசை கலப்பதுண்டு. அப்பசை யாது? நம் இல்லங்களிற் கறியாகச் சமைக்கப்பெறும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுப்பதே அது. இராசத்தானத்து வறண்ட நிலத்தில் விளையும் விதையின் பசை, கடல் கடந்து எண்ணெய்க் கிணற்றினுள் புகுவது வியப்பன்றோ! பணி முடிந்தபின் அப்பசை சிதைந்து நீர்த்துவிடல் வேண்டும். எஞ்சி நிற்குமாயின் வழியை அடைத்துவிடும்.

பிளவின் அகலத்தையும், பரல்களினூடே நீர்மம் புகுந்து செல்லும் தன்மையையும் பெருக்கி வருவதே பிளவின் கடத்துதிறன் ஆகும். பரல்கள் உருண்டையாகவும் ஒரே அளவினவாகவும் இருப்பின் வழி நன்கு அமையும். அளவு வேறுபடின், சிறு பரல்கள் பெரும் பரல்களின் இடையே புகுந்து வழியைக் குறைக்கும். மிக ஆழ்ந்த கிணறுகளில் நெருக்கம் மிகுதலின் மணல் நொறுங்கும். அத்துகளும் வழியை அடைக்கும். பாறை மென்மையாயின் பரல்கள் அதனுள் அழுந்த, பிளவின் அகலம் குறையும். நொறுங்கும் குறையைத் தவிர்க்கப் பிசின் பூசிய மணலும், சூளையிற் சுட்டு இறுக்கிய பாக்சைட்டு மணிகளும், பீங்கான் மணிகளும் பயன்படுகின்றன. சுட்ட மணிகள் வலிமையில் மிக்கன, விலையிலும் மிக்கன.

இத்தொழிலால் தீங்கும் உண்டு. மணலின் நுண்தூசு தொழிலாளர் நுரையீரலைக் கெடுக்கும். ஓக்லஹோமாவில், எண்ணெயோடு வெளிவந்த உவர்நீரை ஆழ்நிலத்தில் மீண்டும் செலுத்தியமையால் நிலநடுக்கங்கள் பெருகின. 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் பானீ நகரை அடுத்து 5.8 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது.

பிளப்பது நீரே எனினும், பிளவைக் காப்பது சிறு பரலேயாகும். பாறைக்கு வழி காணும் அறிவு, அப்பாறையின்மேல் வாழும் உயிர்களையும் கருதுதல் வேண்டும்.