அம்பாசிடரின் எண்ணெய்க் கசிவு: ஊற்றுக்கண்ணைத் தேடுவோம்

கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தின் தென்னந்தோப்பு வீடுகளில் பழைய அம்பாசிடர் கார் ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். பொள்ளாச்சிச் சந்தைக்கும் கோவை மருத்துவமனைகளுக்கும் ஒரு தலைமுறையையே ஏற்றிச் சென்ற வண்டிகள் அவை. முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காரை விற்க மனம் வருவதில்லை. ஆயினும் வைத்திருப்போர் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றே: "எத்தனை முறை பழுது பார்த்தாலும் எண்ணெய் ஒழுகுவது நிற்கவில்லை."

இக்குறை ஏன் தீராமல் தொடர்கிறது, எந்த வரிசையில் அணுகினால் வீண் செலவின்றித் தீர்க்கலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எஞ்சினின் பூர்விகம்

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942-இல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, 1957 முதல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உருவாயிற்று. 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. அதில் பல்லாண்டுகள் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. இதே வரிசை எஞ்சின்தான் எம்.ஜி.ஏ. என்னும் பந்தயச் சாயல் கொண்ட காரிலும் ஓடியது. ஆகவே நம் ஊர்க் கொட்டகைத் தரையில் காணும் எண்ணெய்க் கறை, இங்கிலாந்தின் பழைய கார்ப் பிரியர்களுக்கும் நன்கு அறிமுகமான ஒன்றே.

அந்த எஞ்சினின் அமைப்பை அறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கும். தற்கால எஞ்சின்களில் கிராங்க் தண்டின் பின்முனையை ரப்பர் சீல் ஒன்று இறுகப் பற்றியிருக்கும். பழைய 'பி' வரிசையில் அப்படியொரு சீல் கிடையாது. அதற்கு மாறாகத் தண்டின் பின்பகுதியில் திருகுமரை போன்ற சுருள் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது, வெளியேற முயலும் எண்ணெயை அந்த மரை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். தண்டுக்கும் அதைச் சூழ்ந்த பகுதிக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தே தீரும். எனவே சிறிதளவு கசிவு அவ்வமைப்பின் இயல்பு. எம்.ஜி.பி. காரில் 1964-இன் இறுதியில் ஐந்து தாங்கிகள் கொண்ட எஞ்சின் வந்தபோதுதான் பின்முனையில் ரப்பர் சீல் இடம்பெற்றது.

ஒரு துளியின் கணக்கு

கசிவு எவ்வளவு பெரியது என்பதைக் கண்ணால் மதிப்பிட இயலாது. கணக்கிட்டே அறிய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு துளி வீழ்வதாகக் கொள்வோம். ஒரு நாளில் 1440 துளிகள். ஏறத்தாழ 20 முதல் 25 துளிகள் ஒரு மில்லிலிட்டர் ஆகும் எனில், நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிலிட்டர், மாதத்துக்கு 1.8 லிட்டர். எஞ்சின் கொள்ளும் எண்ணெயோ ஏறக்குறைய 4 லிட்டர்தான். நாளில் ஆறு மணி நேரம் மட்டுமே ஒழுகினாலும் மாதத்தில் 450 மில்லிலிட்டர் போய்விடும்.

இழப்பு எண்ணெயின் விலையோடு முடிவதன்று. அளவு குறைந்ததைக் கவனியாமல் ஓட்டினால் தாங்கிகள் தேய்ந்து எஞ்சினே இறுகிப்போகலாம். எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்தால் பிடிப்பு நழுவும். நெல்லியாம்பதி மலைப்பாதை போன்ற ஏற்றத்தில் அது ஆபத்தாக முடியும். சூடான புகைப்போக்கிக் குழாயின்மேல் சொட்டினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

வேறுபாடு தெரியும் இடமும் பிழை நேர்ந்த இடமும்

வணிகவியல் பயின்றோர் இருப்பாய்வு தயாரித்த நாள்களை நினைவுகூரலாம். பற்றும் வரவும் ஒத்துவராதபோது வேறுபாடு கடைசி வரியில் தெரியும். பிழையோ எங்கோ மேலே, ஏதோ ஒரு பேரேட்டுப் பக்கத்தில் இருக்கும். வேறுபட்ட தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமன் செய்துவிட்டால் கூட்டல் ஒத்துவரும், பிழை திருந்தாது. எண்ணெய்க் கசிவும் அப்படியே. எண்ணெய் மேலிருந்து கீழாகவும், வண்டி ஓடும்போது காற்றினால் முன்னிருந்து பின்னாகவும் வழிகிறது. ஆதலால் சொட்டும் இடம் பெரும்பாலும் எஞ்சினின் அடிப்பகுதியாகவே இருக்கும். உடனே சம்ப் பேக்கிங்கை மாற்றுகிறோம். மேலே பசை பூசுகிறோம். ஒரு மாதத்தில் கசிவு திரும்பிவிடுகிறது.

எனவே முதல் வேலை கழுவுதல். எஞ்சின் ஆறிய நிலையில், எண்ணெய்ப் பிசுக்கையும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்து படியவைத்த புழுதியையும் முற்றிலும் நீக்கி உலர விட வேண்டும். பின்னர் ஐயத்துக்குரிய இணைப்புகளின்மீது முகப்பவுடரை மெல்லத் தூவி, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு பார்க்க வேண்டும். பவுடர் நனைந்த இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுவே ஊற்றுக்கண். இரவில் வண்டிக்கடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, சக்கரங்களின் இடத்தைக் குறித்து வைத்தால், துளி விழும் இடம் நாளுக்கு நாள் மாறுகிறதா என்பதும் தெரியும்.

வண்டிக்கடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்குகால்களை நிறுத்திய பின்னரே குனிய வேண்டும்.

எளியதிலிருந்து கடினத்துக்கு

ஊற்றுக்கண்களைச் செலவு குறைந்ததிலிருந்து மிகுந்தது நோக்கி வரிசையாகச் சோதிப்பதே முறை.

முதலாவது, எண்ணெயின் அளவும் தரமும். அளவுக் குச்சியில் மேல் குறியைத் தாண்டி ஊற்றியிருந்தால் மிகுதி வெளியேறத்தான் செய்யும். தற்காலக் கார்களுக்குரிய மெல்லிய எண்ணெய் இவ்வெஞ்சினுக்குப் பொருந்தாது. 20டபிள்யூ-50 போன்ற கனமான எண்ணெயே ஏற்றது.

இரண்டாவது, எஞ்சினின் மூச்சுக்குழாய். பட்டறைகளில் இதனைப் 'பிரீதர்' என்பர். பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கும் வாயு இவ்வழியாக வெளியேற வேண்டும். குழாய் அழுக்கால் அடைபட்டால் எஞ்சினுள் அழுத்தம் கூடி, ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். பின்முனை மரையும் செயலிழக்கும். பேக்கிங் பலமுறை மாற்றியும் கசிவு நிற்காத வண்டிகளில் முதலில் ஐயுற வேண்டியது இதனையே. கழற்றிக் கழுவி மாட்டுவதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, மேல் மூடி. இதன் கார்க் பேக்கிங் காலப்போக்கில் காய்ந்து சுருங்கும். புதியது போடும்போது போல்ட்டை வலிந்து இறுக்கினால் கார்க் நசுங்கி, தகட்டு மூடியும் வளைந்துவிடும். அளவாக இறுக்குவதே சிறப்பு.

நான்காவது, எஞ்சினின் பக்கவாட்டில், புகைப்போக்கிக் குழாய்களுக்குக் கீழே மறைந்திருக்கும் இரு டாப்பெட் மூடிகள். எளிதில் கண்ணுக்குப் படாத இடமாதலால் பலர் இவற்றை விட்டுவிடுகின்றனர். இங்கிருந்து வழியும் எண்ணெய் சம்ப்பின் விளிம்பில் தேங்கிச் சொட்டுவதால், பழி சம்ப் பேக்கிங்மீது விழுகிறது.

ஐந்தாவது, முன்புற டைமிங் மூடியின் சீல். கப்பியைச் சுற்றி எண்ணெய் வட்டமாகத் தெறித்திருந்தால் காரணம் இதுவே.

இறுதியாகப் பின்முனை. எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் மணிவடிவக் கூட்டின் அடியிலுள்ள துளை வழியே இவ்வெண்ணெய் சொட்டும். கியர்பெட்டியின் எண்ணெயும் அதே துளை வழியே வரக்கூடும் என்பதால் நிறத்தைப் பார்க்க வேண்டும். உழைத்த எஞ்சின் எண்ணெய் கறுத்திருக்கும், கியர் எண்ணெய் பெரும்பாலும் அவ்வளவு கறுப்பதில்லை. பின்முனைக் கசிவை முற்றாகச் சீர்செய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். அதற்கு முன் அழுத்தச் சோதனை செய்வது நன்று. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால், அவற்றை மாற்றாமல் எந்தப் பேக்கிங்கும் நிலைக்காது.

கடைகளில் விற்கும் கசிவு நிறுத்தி மருந்துகள் முதுமையால் கெட்டிப்பட்ட ரப்பர் சீல்களைச் சற்றே உப்பச் செய்பவை. ரப்பரே இல்லாத பின்முனை மரையில் அவற்றால் ஆகக்கூடியது ஏதுமில்லை.

எவ்வளவு செலவிடலாம்?

இழப்பை அளந்த பின்னரே இவ்வினாவுக்கு விடை காண முடியும். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய் ஆகியவற்றை எழுதி வருவோம். மூன்று மாதப் பதிவு இருந்தால் போக்கு தெளிவாகும். கொட்டகையில் நிறுத்திய பின் ஓரிரு துளி விழுவதோடு அளவு மாறாதிருந்தால், தட்டு ஒன்றை வைத்துவிட்டு அமைதியாக இருக்கலாம். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காகக் கிளட்ச் வேலை வரும்போது பின்முனையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால் ஒரே கூலியில் இரு வேலை முடியும். மாறாக, மாதந்தோறும் கசிவு கூடிவந்தாலோ, கிளட்ச் நழுவினாலோ காலம் தாழ்த்தலாகாது. எஞ்சின் கடைசல் வேலைக்குக் கோவையின் லேத் பட்டறைகள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. கிடைக்காத பழைய உதிரிபாகங்களைத் தேடுவோர் சென்னைப் புதுப்பேட்டை வரை செல்வதுண்டு.

இத்தகைய பழுது காப்பீட்டில் வராது என்பதையும் அறிந்திருத்தல் நலம். மோட்டார் காப்பீட்டுப் பாலிசிகள் தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்கியே வைத்துள்ளன. ஆகவே பழைய கார் வைத்திருப்போர் பராமரிப்புக்கெனச் சிறு தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கி வைப்பது தக்கது.

கசிவுக்குப் பயந்து எஞ்சினையே மாற்ற எண்ணுவோரும் உளர். அவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். 2021-இல் வெளியான மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டு வாகனங்கள் 'வி.ஏ.' எழுத்துகளுடன் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். அப்பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கு அதனைப் பயன்படுத்த முடியாது. சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவை பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருக்கவும் வேண்டும். இன்று மாற்றும் எஞ்சின் அந்தத் தகுதியை நாளை பறித்துவிடக்கூடும்.

ஆதலின் கழுவிப் பார்த்து, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, குறிப்பேட்டைத் தொடங்குவோம். இம்மூன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பட்டறைக்கு வண்டியைக் கொண்டு செல்லும்போது, "எண்ணெய் ஒழுகுகிறது" என்று பொதுவாகக் கூறாமல், "முன்பக்க டாப்பெட் மூடியில் கசிகிறது, மாதம் 200 மில்லிலிட்டர் குறைகிறது" என்று நம்மால் சொல்ல முடியும். அவ்வாறு சொல்லும் வாடிக்கையாளருக்கு மெக்கானிக்கும் தேவையற்ற வேலையைச் செய்ய மாட்டார்.